லோரல் போத்தலும் எங்கள் நொச்சியும்

"இலைக்குள்ள எண்ணெய் கிடக்கெண்டா, ஆடெல்லாம் இவ்வளவுக்கு வழுக்கியெல்லோ விழுந்திருக்கும்" என்றார் மாமி.

சொன்னதோடு விடவில்லை. வேப்பமரத்தடியில் கட்டியிருந்த எங்கள் மறியாட்டைப் பார்த்து, "எடியே, உன்ரை வயித்துக்க எத்தினை போத்தல் கிடக்கு? சொல்லு பாப்பம்" என்று விசாரணையும் நடத்தினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பு சிரிப்பை மறைக்க வெற்றிலைத் தட்டத்தைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது. நான் மூவருக்கும் முன்னால், என் சுண்டுவிரல் உயரமான ஒரு போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

மாமி, என் தகப்பனாரான அப்புவின் மூத்த அக்கா. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து எங்கள் ஆட்கள் வட்டக்கச்சிக் குடியேற்றத்துக்குக் காணி பெற்று வந்தபோது அவரும் வந்து, எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் வீடு போட்டுக்கொண்டார். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தது. ஆனால் மாமியின் குரலுக்கு வேலி கிடையாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எழுதும்போது என் கழுத்து கொஞ்சம் நிமிர்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. வட்டக்கச்சியில் இருந்த வகுப்புகள் முடிந்ததும், வவுனியாவில் விடுதியில் தங்கிப் படித்தேன். எஸ்.எஸ்.சி. பரீட்சையில் விஞ்ஞானப் பாடங்களில் நன்றாகச் சித்தியடைந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் மேல் வகுப்பு விஞ்ஞானம் படிக்க விண்ணப்பப் படிவமும் வந்துவிட்டது. மாத முடிவுக்குள் அது போய்ச் சேர வேண்டும். அதில் நிரப்பாமல் கிடந்தது ஒரே ஓர் இடம்தான்: தகப்பனாரின் கையெழுத்து.

"பாப்பம்" என்றிருந்தார் அப்பு. அப்புவின் 'பாப்பம்' பங்குனித் தூறல் மாதிரி. நிலம் நனைந்ததா இல்லையா என்று அடித்துச் சொல்ல முடியாது. பெண் பிள்ளையைப் படிப்பிக்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர் அல்ல அவர். படித்தது போதாதா, இன்னும் படித்தால் அது எங்களுக்கு என்ன செய்யும் என்பதுதான் அவருடைய கேள்வி. அதை அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. மாமி அவருக்கும் சேர்த்துக் கேட்டுவிடுவார்.

அதனால்தான் அந்தப் போத்தலை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். கத்தோலிக்கக் குடும்பம்; தகப்பனும் தமையன்மாரும் கடல் தொழில். அவளுடைய அக்கா கன்னியாஸ்திரி. படிப்புக்காக இத்தாலி போய் வந்தவர், வலை இழுத்து இழுத்து மூட்டு நொந்துபோன தகப்பனுக்காக இலை எண்ணெய்ப் போத்தல்கள் சில கொண்டு வந்தார். அவற்றில் ஒன்று என் கூட்டாளியின் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. அவளுக்கு ஒரு தவணை முழுக்க அட்சரகணிதம் செய்து கொடுத்ததற்காக, அவள் பாவித்து மிஞ்சிய எண்ணெயோடு அந்தப் போத்தல் என்னிடம் வந்தது.

மேலே ஒட்டியிருந்த கடதாசியில் ஒரு கிளை வரைந்திருந்தது. நீண்ட, கூரான, தடித்த இலைகள். லோரல் என்பது மரத்தின் பெயர்.

"முந்தி அங்க போட்டியில வெண்டவைக்கு இந்த இலையைத் தலையில முடியாக் கட்டி விடுவினமாம்" என்றாள் கூட்டாளி. "இப்ப மீன் அவிக்கேக்க உள்ளுக்க போடினமாம்."

"தலையில வைச்சதையோ?"

"போடி விசரி! புது இலைதான்."

பள்ளி நூலகத்தில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் லோரல் எண்ணெய்க்கு அரைப் பக்கம் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து பின்னேரம் இருந்து என் கொப்பியில் தமிழில் எழுதினேன். இலையை நீராவியில் வேகவைத்தால், ஆவி இலைக்குள் இருக்கும் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு வரும். ஆவியைக் குளிர்வித்தால் தண்ணீரும் எண்ணெயும் பிரிந்து, எண்ணெய் மேலே மிதக்கும். நிறம் மெல்லிய மஞ்சள். லோரல், கறுவாப்பட்டை தரும் மரத்துக்கு உறவுக்கார மரம். அந்த எண்ணெயைச் சவர்க்காரத்துக்குச் சேர்ப்பார்கள். இறைச்சிக்கும் மீனுக்கும் வாசனைக்கு ஒரு துளி விடுவார்கள். மூட்டு நோவுக்கும் சுளுக்குக்கும் வேறு எண்ணெயில் கலந்து பூசுவார்கள். தானியத்தில் பூச்சி அண்டாமல் இருக்க இலையைப் போட்டு வைப்பார்கள்.

மணம் பற்றியும் எழுதியிருந்தது. ஆனால் அதற்கு எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. மூடியைத் திறந்தவுடன் முதலில் வருவது மூக்கைத் திறந்துவிடும் ஒரு குளிர். அது போனபின் கராம்பு. எல்லாவற்றுக்கும் பின்னால், எங்கிருந்தோ வருகிற பூ வாசம்.

அரைப் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகளையும் எழுதினேன். கலக்காமல் தோலில் படவிடக் கூடாது. சில தோல்கள் அதைத் தாங்காமல் சிவந்து எரியும். குடிக்கவே கூடாது. இந்த இரண்டு வரிகளும் கொப்பியின் அடியில், இடம் போதாமல், சின்ன எழுத்தில் போயின.

மாமி ஆட்டை விசாரித்து முடித்ததும் நான் என் சோதனையைக் காட்டினேன். பழைய பேப்பர்த் துண்டு இரண்டு எடுத்தேன். ஒன்றில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு, மற்றதில் லோரல் ஒரு சொட்டு. இரண்டும் கறை போட்டன. கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தோம். நல்லெண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. மற்றது தடமே இல்லாமல் போய்விட்டது.

"எண்ணெயெண்டா பிடிச்சால் விடாது" என்றார் மாமி. "இது ஓடிப் போகுது. ஓடிப் போறதை நம்பி ஆரும் குடும்பம் நடத்துறதோ?"

அப்புவோ பேப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். "போனாலும் மணம் கொஞ்சம் நிக்குது அக்கா" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் கிழமை நான் வீட்டில் பெரிய ஆள். ஒரு துளியைத் துணியில் விட்டு அரிசிப் பானையின் மூடிக்குள் முடிந்து விட்டேன்; வண்டு குறைந்தது என்று அம்மா பக்கத்து வளவுகளுக்குச் சொல்லிவிட்டார். நெற்கதிரைச் சூடு அடித்து முடித்த நாட்கள் அவை. அப்புவின் வலது தோள் தூக்க முடியாத நோவு. ஒரு மேசைக் கரண்டி நல்லெண்ணெயில் இரண்டு துளி லோரல் விட்டு, இரவு படுக்க முன் தேய்த்து விட்டேன். "சூடு உள்ளுக்க போகுது" என்று அப்பு கண்ணை மூடினார். இத்தாலியில் முந்தி இந்த இலையை முடியாகக் கட்டியதையும், கறுவாவின் உறவையும், ஆவி எண்ணெயைத் தூக்கி வருவதையும் நான் தேய்த்துக்கொண்டே சொன்னேன். சொல்லாமல் விட்டது அந்தக் கடைசி இரண்டு வரிகளை மட்டும்தான். மறந்து போகவில்லை. அவற்றைச் சொன்னால் எண்ணெயின் பெருமை கொஞ்சம் குறையும் என்று பட்டது. எண்ணெயின் பெருமை குறைந்தால் என்னுடையதும் குறையும்.

வந்தது சனிக்கிழமை.

சனிக்கிழமை எங்கள் பக்கத்தில் எண்ணெய் முழுக்கு. உள்ளங்கை நிறைய எண்ணெய் வார்த்து, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை சூடேறத் தேய்த்து, அது ஊறும்வரை வெயிலில் இருந்து, பிறகு சீயாக்காய் வைத்து முழுகுவார்கள். அப்பு பிறந்த நாளிலிருந்து கண்ட எண்ணெயெல்லாம் அப்படித்தான்: நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய், எதுவானாலும் உள்ளங்கைதான் அளவு. அன்று நானும் அம்மாவும் வாய்க்காலுக்கு உடுப்புத் தோய்க்கப் போயிருந்தோம். அப்பு அலுமாரித் தட்டிலிருந்து லோரல் போத்தலை எடுத்து, உள்ளங்கையில் கவிழ்த்து, தோளில் தேய் தேயென்று தேய்த்து, ஒரு துணியும் கட்டிக்கொண்டு வெயிலில் குந்தினார்.

நாங்கள் திரும்பி வரும்போது அவருடைய தோள் செவ்வரத்தம்பூ நிறம். சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். தேங்காயெண்ணெய் பூசினோம். பின்னேரத்துக்குள் கொப்புளம் வந்துவிட்டது.

அப்பு என்னைக் கோபிக்கவில்லை. "சின்னப் போத்தல்தானே பிள்ளை" என்றார். "ஒரு கைக்கே காணாதெண்டுதான் நினைச்சன்." கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமி வேலிக்கு மேலால் கேட்டார்: "உன்ரை புத்தகத்தில உதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோடி?"

நான் போத்தலை எடுத்துக் கழுவப் போனேன்.

"படிச்ச எண்ணெய் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் மாமி, என் முதுகுக்கு.

தோள் ஒரு கிழமையில் தோலுரிந்து ஆறிவிட்டது. ஆனால் படிவத்தைப் பற்றிக் கேட்டபோது, "தோள் சுகமாகட்டும், பாப்பம்" என்றார் அப்பு. சுகமானபிறகு கேட்டேன். "பாப்பம்" மட்டும் மிச்சமிருந்தது.

அந்த நாட்களில் எனக்குத் தடிமன் பிடித்தது. அம்மா வழக்கம்போல வேது பிடிக்க ஆயத்தம் செய்தார். வாய்க்கால் கரையில் முறித்து வந்த நொச்சியிலையைப் பானையில் கொதிக்க வைத்து, என்னைக் குந்த வைத்து, தலையோடு போர்வையால் மூடிவிட்டார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தரம் பிடித்த வேதுதான். ஆனால் அன்று மூக்கு மெல்லத் திறந்தபோது, போர்வைக்குள்ளிருந்த மணத்தை நான் அடையாளம் கண்டேன். கராம்பு இல்லை, பூ வாசம் இல்லை. ஆனால் அந்த முதல் குளிர், மூக்கைத் திறந்துவிடும் அதே குளிர், லோரல் போத்தலின் மூடியைத் திறந்த கணத்தில் வருவது, இந்த நொச்சிக்குள்ளும் இருந்தது.

போர்வையின் உட்புறம் நனைந்து துளிகள் நின்றன. ஒன்றை விரலில் எடுத்து முகர்ந்தேன். தண்ணீர் நொச்சியாக மணந்தது. ஆவி எண்ணெயைத் தூக்கி வருகிறது. போர்வையில் பட்டுக் குளிர்கிறது. ஐந்து பின்னேரம் இருந்து நான் எழுதியதை அம்மா ஒவ்வொரு மாரியிலும் என் தலைக்கு மேலேயே செய்துகொண்டிருந்திருக்கிறார்!

போர்வையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தேன். "காத்துப் பட்டாத் தடிமன் கூடப் போகுதடி!" என்று அம்மா கத்தினார்.

மாமி காய்ச்சும் நொச்சி எண்ணெய் எங்கள் குடியேற்றத்தில் பெயர் போனது. நல்லெண்ணெயில் நொச்சியிலையைப் போட்டு, இலை சலசலத்து மொறுமொறுக்கும்வரை காய்ச்சி வடிப்பார். அன்று பின்னேரமே நான் வேலிக்கரைக்குப் போய்க் கேட்டேன்: "மாமி, எண்ணெய் பதம் வந்ததை என்னெண்டு அறியிறனீங்கள்?"

"நாலு வளவுக்கு மணக்க வேணும். மணந்தாத்தான் மருந்து இறங்கினதெண்டு கணக்கு."

"நாலு வளவுக்குப் போனது திரும்பிச் சட்டிக்குள்ள வருமோ மாமி? போனதுதான் எண்ணெய். சட்டிக்குள்ள கிடக்கிறது மிச்சம்."

மாமி சுளகைக் கீழே வைத்தார். "அப்ப இவ்வளவு காலமும் நான் மிச்சத்தைத்தான் காய்ச்சினனானோ?"

"ஓம்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

மாமியின் முகத்தில் கோபம் வரவில்லை, ஆர்வம் வந்தது. அது கோபத்தைவிடப் பயமாக இருந்தது. "தம்பி!" என்று எங்கள் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். "உன்ரை மகள் காத்தில போனதைப் பிடிச்சுத் தாறாளாம். பிடிச்சுக் காட்டட்டும். காட்டினா அந்தக் கடதாசியில நீ கையெழுத்து வை. காட்டாட்டி என்னோட இருந்து மிச்சத்தைக் காய்ச்சட்டும்."

வீட்டுக்குள்ளிருந்து அப்புவின் குரல் வந்தது: "காட்டட்டும்."

கண்ணாடிக் குடுவையும் குழாயும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தன. என்னிடம் இருந்தவை சட்டி பானைகள். நெல் அவிக்கிற பெரிய பானையில் அடியில் தண்ணீர். அதற்கு மேல் நொச்சியிலை. நடுவில் இலையை விலக்கி ஒரு செங்கல் வைத்து, அதன்மேல் ஓர் எனாமல் கிண்ணம். பானையின் வாயில் உருண்டை அடியுள்ள ஒரு மண்சட்டி. அதற்குள் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர். ஆவி மேலே எழுந்து சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து, உருண்டையின் நுனிக்கு ஓடி, கிண்ணத்துக்குள் சொட்ட வேண்டும். சட்டியும் பானையும் சேருமிடத்தில் ஆவி கசியாமல் குழைத்த அரிசிமாவைப் பூசினேன்.

முதல் நாள் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. இரண்டாம் நாள் சட்டித் தண்ணீர் சூடேறியதைக் கவனிக்கவில்லை. கிண்ணத்தில் அரைவாசி தண்ணீர், எண்ணெய் இருந்ததோ இல்லையோ சொல்ல முடியாத ஒரு மினுக்கம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "புட்டு எண்டாலும் அவிஞ்சிருக்கும்" என்றார். ஆனால் மூன்றாம் நாள் காலையில், நான் கேட்காமலே, கிணற்றடியில் நின்று வாளி வாளியாக இறைத்தவர் அவர்தான். சட்டித் தண்ணீர் வெதுவெதுப்பானவுடன் அகப்பையால் அள்ளி ஊற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீர் விடுவார். எனக்கு நெருப்புப் பார்க்கிற வேலை மட்டும். அன்று வளவில் மணமே இல்லை. மணம் இல்லாததைக் கண்டு நான் மகிழ்ந்த ஒரே நாள் அதுதான்.

மத்தியானமளவில் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. விதானையார். ஊருக்கு அரசாங்க அதிகாரி அவர். குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அண்ணை நிக்கிறாரோ?"

அப்பு தோளில் துவாயோடு வந்தார். "வாங்கோ, வாங்கோ. என்ன விசயம்?"

"ஒண்டுமில்லை அண்ணை." விதானையாரின் கண் அடுப்பில் இருந்தது. "மூண்டு நாளா உங்கடை பின் வளவில பானை வாய் மூடி எரியுதாம். சோறெண்டா ஆரும் மாப் பூசி அவிக்கிறேல்லை. சனம் கதைக்குது. நான் வந்து பாக்காட்டி பிறகு என்னையும் சேத்துக் கதைக்கும்."

அவர் கசிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்களும் இப்படித்தான் பானையை மூடி, மேலே தண்ணீர் விட்டு எரிப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பு கள்ளைக்கூட வாயில் வைக்காத மனிதர். அவர் முகம் சுருங்கிச் சின்னதாகிப் போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் இடி விழுந்தது. "என்ரை தம்பியின்ரை வளவிலயோ? ஆர் சொன்னது? அந்த வாயை இஞ்ச கொண்டு வாங்கோ, விதானையார். மா இன்னும் மிச்சம் கிடக்கு. அதையும் பூசி மூடிவிடுறன்!" மாமி வேலியின் இடைவெளிக்குள்ளால் நுழைந்து வந்து அடுப்புக்கும் விதானையாருக்கும் நடுவில் நின்றார்.

"இருங்கோ" என்றேன் நான். "இது நொச்சியிலை எண்ணெய். இப்பவே திறந்து காட்டுறன்."

அம்மா கதிரை கொண்டுவந்து போட்டார். விதானையார் உட்காரவில்லை. நான் மாவை உடைத்துச் சட்டியைத் தூக்கி, கிண்ணத்தைத் துணியால் பிடித்து வெளியே எடுத்தேன். விதானையார் குனிந்து முகர்ந்தார்.

"நொச்சிதான் மணக்குது. ஆனா பிள்ளை, மணத்துக்கு எதையும் போடலாம்."

நான் பேப்பர்த் துண்டை எடுத்து, ஒரு தேங்காய்த் தும்பால் கிண்ணத்தின் மேற்பரப்பைத் தொட்டு வைத்தேன். வெயில் நல்ல கொதி. கறை வந்து, போய்விட்டது. வெற்றியோடு நிமிர்ந்தேன்.

விதானையார் சிரித்தார். "சாராயமும் உப்பிடித்தான் பறக்கும்."

மாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். என்னுடைய பெரிய சோதனை என் எதிரியின் கட்சிக்குப் போய்விட்டது. கிண்ணத்தைக் கதிரையில் வைத்தேன். வைத்த அசைவில் தண்ணீரின் மேலே மஞ்சள் பொட்டுகள் ஓடிப் பிரிந்து, மறுபடி ஒன்று சேர்வதைக் கண்டேன்.

"சாராயம் தண்ணியோட கலந்திடும்" என்றேன். "ஒருக்காக் கலந்தா மேல, கீழ எண்டு பிரிஞ்சு நிக்காது. இதைக் கலக்கிப் பாருங்கோ."

விதானையார் வேப்பங்குச்சி ஒன்றை முறித்துக் கிண்ணத்தைக் கலக்கினார். நாங்கள் எல்லோரும் குனிந்து நின்றோம். கலங்கலாக இருந்தது. பிறகு ஒரு பொட்டு மேலே வந்தது. இன்னொன்று. இரண்டும் ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் மேலே மெல்லிய மஞ்சள் ஆடை.

"ம்" என்றார் விதானையார். குச்சியை எறிந்தார். பிறகு, போகப் போனவர் திரும்பி, "உந்த எண்ணெய்தானே அண்ணையின்ரை தோளை அவிச்சது? அதையும் சனம் கதைச்சது" என்றார்.

அப்பு ஏதோ சொல்ல வாயெடுத்தார். தன் பிழை என்று சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"அது வேறை எண்ணெய்" என்றேன். "எண்ணெயிலயும் பிழையில்லை, அப்புவிலயும் பிழையில்லை. கலக்காமல் பூசக்கூடாதெண்டு புத்தகத்தில கிடந்தது. நான் அதை எழுதியும் வைச்சனான். வீட்டில சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை?" இதைக் கேட்டது அப்பு.

"பெரிசாக் காட்ட வேணுமெண்டு."

மாமி குனிந்து, உடைந்து கிடந்த மாவைப் பொறுக்கத் தொடங்கினார்.

விதானையார் குடையை விரித்தார். "அடுத்த முறை எரிக்க முந்தி ஒரு துண்டு எழுதி அனுப்பு பிள்ளை. எழுதத்தான் தெரியுமே" என்றுவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

இன்னும் இரண்டு நாள் எரித்தோம். வாய்க்கால் கரை நொச்சிகள் மொட்டையாயின. சேர்ந்த எண்ணெயெல்லாம் லோரல் போத்தலின் அடியில் ஒரு விரற்கடைக்கும் குறைவாக நின்றது. இந்த முறை முதலில் என் கையின் உட்புறத்தில் பூசினேன், நல்லெண்ணெயில் இரண்டு துளி கலந்து. ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்தேன். சிவக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அப்புவின் தோளைத் தொட்டேன். கொப்பியைத் திறந்து வைத்து, அடியில் கிடந்த சின்ன எழுத்துகளை முதலில் வாசித்துவிட்டு.

"நோ முழுக்கப் போகேல்லை" என்றார் அப்பு காலையில். "ஆனா நித்திரை கொண்டனான்." பிறகு, "எங்க அந்தக் கடதாசி?" என்றார்.

காணிப் பேமிற்றுப் பத்திரத்துக்குக் கையெழுத்து வைக்கவென்று பழகிய தன் பெயரின் நான்கு எழுத்துகளை, நான்கு பாத்தி வெட்டுவதுபோல, ஆறுதலாக வைத்தார். "விதானையாருக்குப் பதில் சொன்னாய், சரி" என்றார், பேனையைத் திருப்பித் தந்தபடி. "பிறகு உன்ரை பிழையையும் சொன்னாய். அப்பிடிப்பட்ட ஆளை எங்கையும் அனுப்பலாம்."

அன்று பின்னேரம் மாமி வந்தார். கையில் ஒரு சிமிழ். முழங்காலுக்காம். "மிச்சம் கிடந்தா விடு" என்றார். 'மிச்சம்' என்ற சொல்லை அழுத்தினார். நான் நல்லெண்ணெயில் கலந்து, எவ்வளவு, எப்படி என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தேன்.

மாமி முகர்ந்து பார்த்தார். "எல்லாம் சரி. ஆடு ஏன் இன்னும் வழுக்கி விழேல்லை?"

"ஆடு நொச்சியில வாய் வைக்கிறேல்லை மாமி. நீங்கள் கண்டனீங்களோ எப்பவாவது?"

மாமி ஆட்டைப் பார்த்தார். ஆடு மாமியைப் பார்த்தது. "அதுக்கும் படிப்பிருக்குப் போல" என்று சிமிழை மூடினார். பிறகு அப்புவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, "தம்பி, கையெழுத்து வைச்சதெல்லாம் சரி. அனுப்ப அவசரப்படாதை. ஒரு நல்ல நாள் பாத்து, ஆறுதலா யோசிச்சு அனுப்புவம்" என்றார்.

அப்பு என்னைப் பார்த்தார். "கடதாசி எங்க பிள்ளை?"

"காலமையே தபாற்கந்தோரில குடுத்திட்டன் அப்பு" என்றேன். "பதிவுத் தபால்."

பற்றுச்சீட்டு என் கொப்பிக்குள், சின்ன எழுத்தில் இரண்டு வரி கிடந்த அந்தப் பக்கத்தில் இருந்தது.